இழிவுக்கு எத்தனை பேர் வேண்டும்? சட்டத்தின் ஆங்கிலமும் கரிசலின் பேச்சும்

1

தென்மாவட்டக் காவல் நிலையங்களுக்குப் போகிற புகார் மனுக்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும்: ‘சாதிப் பெயரைச் சொல்லி இழிவாகப் பேசினார்.’ மனு எழுதித் தருகிறவர் யாராக இருந்தாலும் இந்த வாக்கியம் மாறாது. அச்சில் வார்த்தது மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மனு கொடுக்க வந்தவர் வாயிலிருந்து வருகிற பேச்சு வேறு. ‘எங்கய்யாவுக்கு எழுவது வயசு. அவரப் போயி இந்தச் சின்னப்பய ஏலேங்கான்’ என்பார். ‘நாலு பேரு முன்னால கேவலப்படுத்திட்டான்’ என்பார். ‘வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல, எளக்காரமாப் பாத்தான்’ என்பார். இவை மூன்றும் மூன்று தனித்தனிக் காரியங்கள். மனுவுக்குள் நுழைந்ததும் மூன்றும் ‘இழிவு’ என்ற ஒற்றைச் சொல்லாகிவிடுகின்றன.

அந்த ஒற்றைச் சொல் அங்கிருந்து சட்டப்பிரிவின் ஆங்கிலத்துக்குப் போகிறது. அங்கே அதற்காக ஐந்து சொற்கள் காத்திருக்கின்றன. இன்சல்ட், ஹ்யுமிலியேட், அப்யூஸ், டிஸ்ரெஸ்பெக்ட், டெரகேட்டரி. மனுவில் இருந்த ‘இழிவு’ இவற்றில் எதில் போய் விழுகிறதோ அதைப் பொறுத்து வழக்கு நிற்கிறது, அல்லது தள்ளுபடியாகிறது. வாய்ப்பேச்சிலிருந்து மனுத்தமிழுக்கு, மனுத்தமிழிலிருந்து சட்ட ஆங்கிலத்துக்கு என இரண்டு மொழிபெயர்ப்புகள் நடக்கின்றன. இரண்டிலும் என்ன சிந்திப்போகிறது என்பதே இங்கு நம் கேள்வி. இது அகராதிக்காரர்களின் வேலை என்று எழுத்தாளர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சொல்லுக்குச் சொல் வித்தியாசம் தெரிந்தவர்கள் என்று பேர் வாங்கியவர்கள் நாம்தானே.

ஓட்டப்பிடாரத்துக்கும் சட்ட ஆங்கிலத்துக்கும் இந்த விஷயத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1872இல் அங்கே பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908 ஜூலையில் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். இருபதும் இருபதும் நாற்பது வருஷம். மேல்முறையீட்டில் அது பிறகு குறைந்தது. பயன்பட்ட பிரிவு இந்தியத் தண்டனைச் சட்டம் 124அ. 1870இல் அது சேர்க்கப்பட்டபோது அரசின்மீது விசுவாசக் குறைவைத் தூண்டுவது மட்டுமே குற்றம். 1898இல் திருத்தினார்கள். அப்போதுதான் ‘ஹேட்ரட்’, ‘கண்டெம்ப்ட்’ என்ற இரண்டு சொற்கள் உள்ளே வந்தன. அதாவது வெறுப்பு, இகழ்ச்சி. அரசாங்கத்தை மக்கள் இளப்பமாக நினைக்கும்படி பேசினால் குற்றம். அரசாங்கத்துக்கு உண்மையிலேயே மானம் போயிற்றா, மனசு நொந்ததா, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. அரசின் மானத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1898இல். தீண்டாமையைத் தண்டிக்கும் நாடு தழுவிய சட்டம் வந்தது 1955இல். இடையில் 57 வருஷம்.

2

ஆங்கிலத்தில் இந்தக் காரியத்துக்குச் சொற்கள் ஏராளம். ஆங்கில-தமிழ் அகராதிகளைப் புரட்டினால் இகழ், தாழ்த்து, சிறுமைப்படுத்து, இழிவுபடுத்து என்று நான்கைந்து சொற்களே சுற்றிச் சுற்றி வரும். ஆனால் அந்த ஆங்கிலச் சொற்களின் வேரைத் தோண்டினால் ஒவ்வொன்றுக்கும் அடியில் வெவ்வேறு சமூக உறவு கிடக்கிறது.

‘பிலிட்டில்’ என்பதை எடுத்துக்கொள்வோம். சின்னதாக்கு என்று நேர்பொருள். இந்தச் சொல்லை உண்டாக்கியவராகச் சொல்லப்படுகிறவர் அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன். ஐரோப்பாவைவிட அமெரிக்காவில் விலங்குகளும் மனிதர்களும் சிறுத்துப் போகிறார்கள் என்று பிரெஞ்சு இயற்கையியலாளர் புஃபோன் கிளப்பிய கருத்துக்குப் பதிலாக, 1780களில் வெளியான வர்ஜீனியா பற்றிய தம் நூலில் ஜெஃபர்சன் இதைப் பயன்படுத்தினார். இப்படியும் ஒரு சொல்லா என்று லண்டன் பத்திரிகை ஒன்று 1787இல் கேலி செய்தது. சிறுமைப்படுத்துவதைக் குறிக்க வந்த சொல்லுக்கே முதல் மரியாதை அப்படி. கதை அதோடு முடியவில்லை. அதே நூலில்தான் கறுப்பின மக்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று ஜெஃபர்சன் எழுதுகிறார். அவருடைய பண்ணையில் அடிமைகள் இருந்தார்கள். ஐரோப்பியன் தன்னைச் சின்னதாக்குகிறான் என்பது உறைத்தவருக்கு, தான் யாரைச் சின்னதாக்குகிறோம் என்பது உறைக்கவில்லை. வெள்ளைக்காரன் நம்மை எளக்காரமாகப் பார்த்தான் என்று குமுறிய நம்மூர்ப் பெரிய மனிதர்களின் களத்துமேட்டிலும் இதே கதைதான்.

‘டிஸ்பேரேஜ்’ என்றால் இன்றைக்குக் குறைத்துப் பேசுதல். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தபோது அதன் பொருள், அந்தஸ்தில் தாழ்ந்த இடத்தில் மணம் முடித்துவைத்தல். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவில் வாரிசுகளை இப்படித் தகுதிக் குறைவான இடத்தில் கட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு விதியே உண்டு. குறைத்துப் பேசுவதற்கான சொல் கல்யாணத்திலிருந்து பிறந்திருக்கிறது. நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் தூத்துக்குடி மாவட்டத்து இளைஞர் கவின் வெட்டிக் கொல்லப்பட்டபோது இந்தப் பழைய பொருள்தான் அரிவாளோடு வந்து நின்றது. ஆங்கிலம் அந்தப் பொருளை எப்போதோ கழற்றி வைத்துவிட்டது. நம்மூரில் அது உயிரோடு இருக்கிறது.

‘டினிக்ரேட்’ என்பதற்கு இலத்தீனில் கறுப்பாக்குதல் என்று பொருள். கறுத்தது கெட்டது என்ற தீர்ப்பு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கரிசல்காட்டுச் சம்சாரியிடம் போய் இதைச் சொன்னால் சிரிப்பான். அவனுக்கு மண் கறுக்கக் கறுக்கத்தான் பருத்தி.

‘இன்சல்ட்’ என்பதன் வேர்ப்பொருள் மேலே பாய்தல். ‘ஹ்யுமிலியேட்’ என்பதன் அடியில் இருப்பது ‘ஹ்யூமஸ்’, அதாவது மண். ஒருவன் மேலே பாய்கிறான். மற்றவன் தரையில் கிடக்கிறான். முன்னது செய்கிறவனைப் பற்றிய சொல். பின்னது செய்யப்பட்டவனின் நிலையைப் பற்றிய சொல். பாய்ந்தவர்களெல்லாம் வீழ்த்திவிடுவதில்லை. பாயாமலேயே வீழ்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த வித்தியாசம் சட்டத்தில் எப்படி உயிர்ப் பிரச்சினையாகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

3

நம் பக்கம் சொல்வளம் இல்லையா? மனுத்தமிழில் இல்லை. பேச்சில் கொட்டிக் கிடக்கிறது. கி.ரா. 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தபோது மண், மாடு, தானியம், வேலை பற்றிய சொற்களுக்கு ஒரு மரியாதை கிடைத்தது. அதேபோல ஏச்சுக்கும் எளக்காரத்துக்குமான சொற்களையும் ஒருவர் உட்கார்ந்து வகைப்படுத்த வேண்டும். அகராதி முறையில் அல்ல. இந்தக் காரியம் நடக்க எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பார்த்தாலே வித்தியாசம் பிடிபடும்.

ஏச்சுக்கு இரண்டு பேர் போதும். ஏசுகிறவன், ஏச்சு வாங்குகிறவன். வாங்கியவன் திருப்பிக் கொடுக்கவும் வழி இருக்கிறது. கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடும். ‘அவன் ஏசுனான், நானும் ஏசுனேன்’ என்று சொல்லிவிட்டு மறுநாள் டீக்கடையில் சேர்ந்து நிற்பார்கள்.

நக்கலுக்கு மூன்று பேர் வேண்டும். கூடச் சிரிக்க ஓர் ஆள் இல்லாமல் நக்கல் இல்லை. ஏளனம், நையாண்டி, பரியாசம் எல்லாம் இந்த வகைதான். மூன்றாம் ஆள் சிரிக்காவிட்டால் நக்கல் அடித்தவனுக்கே அவமானம்.

கேவலப்படுத்த நாலு பேர் வேண்டும். ‘நாலு பேரு முன்னால’ என்பது நம் பேச்சில் சும்மா ஒட்டிக்கொண்ட அடைமொழி கிடையாது. மானம் என்பது நாலு பேர் கண்ணில் இருக்கிற சரக்கு. அங்கேதான் அது போகும்.

எளக்காரத்துக்கு ஒரே ஆள் போதும். செய்கிறவன் மட்டும். எதிரே இருப்பவன் தூங்கிக்கொண்டிருந்தாலும் அவனை எளக்காரமாகப் பார்க்கலாம். அதற்குப் பேச்சும் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். கூப்பிட்டதற்கு ஒரு நொடி தாமதித்துத் திரும்புவது, காசை நீட்டாமல் பலகையில் வைப்பது, இவற்றில் எளக்காரம் முழுசாக இருக்கிறது. எளக்காரத்தை வெளியே காட்டிச் செய்தால் அது எகத்தாளம்.

இழிவுக்கு ஊர் வேண்டும். ஒருவனால் இன்னொருவனை இழிவுபடுத்த முடியாது. அவன் நாக்குக்குப் பின்னால் தெரு, கோயில், கிணறு, சுடுகாடு, அவன் தாத்தா, இவன் தாத்தா எல்லாம் நிற்க வேண்டும். ‘இழி’ என்றால் இறங்கு. இறங்குவதற்குப் படி முன்பே கட்டப்பட்டிருக்க வேண்டும். படி கட்டியது ஊர். இன்றைக்கு ஏசியவன் அந்தப் படியில் ஒருவனைத் தள்ளுகிறான், அவ்வளவுதான். எனவே எல்லா மனுவிலும் இழிவு என்று எழுதுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. பல சமயம் அதுதான் சரியான சொல். ஊர் எங்கே, படி எங்கே என்று காட்டாமல் அந்தச் சொல்லை மட்டும் எழுதினால் அது வெறும் ஏச்சாகவே படிக்கப்படும் என்பதுதான் சிக்கல்.

இந்தப் பாகுபாட்டை நம் இலக்கணக்காரர்கள் ஒருவகையில் அறிந்திருந்தார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் எள்ளல் வருவது நகைச்சுவையின் காரணங்களில் ஒன்றாக. இளிவரல் தனி மெய்ப்பாடு. அதாவது சிரிக்கிறவன் கணக்கு வேறு, சிறுமை அடைகிறவன் கணக்கு வேறு. உரையாசிரியர் பேராசிரியர் எள்ளலையே இரண்டாக்குகிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது சிரிப்பைப் பற்றிப் பிறகு பேச வேண்டும். இளிவரலுக்கு அங்கே சொல்லப்படும் காரணங்கள் முதுமை, நோய், வருத்தம், மெலிவு ஆகிய நான்கு. பிறப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அன்றைக்கு அப்படி ஒரு காரணமே இல்லையா, அல்லது எழுதியவர் கண்ணில் படவில்லையா என்பது தனி ஆராய்ச்சி. இன்றைக்கு அந்தப் பட்டியலை வகுப்பில் நடத்துகிறவர்களாவது இந்தக் காலியிடத்தைச் சுட்டிக்காட்டலாம்.

4

இதுவரை சொற்களைப் பார்த்தோம். தமிழில் தாழ்த்துதல் பெரும்பாலும் சொல்லில் நடப்பதில்லை. விகுதியில் நடக்கிறது.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இரண்டு சேக்காளிகள் ‘என்னலே, எப்பலே வந்த?’ என்று கேட்டுக்கொள்வது பிரியம். ஆச்சி பேரனை ‘வாலே, சாப்பிடுலே’ என்பது செல்லம். அதே ‘லே’யைப் பதினைந்து வயதுப் பையன் தன் தாத்தா வயது ஆளைப் பார்த்துச் சொல்லும்போது அது சாதி. ஒலி ஒன்றுதான். அகராதியில் பொருளும் ஒன்றுதான். யார் வாயிலிருந்து யார் காதுக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘வா’வுக்கும் ‘வாங்க’வுக்கும் இடையில் இருக்கிற இரண்டெழுத்து, பெயரின் கடைசியில் ‘அன்’னுக்குப் பதிலாக வராமல் போன ‘ஆர்’, தகப்பனையும் மகனையும் ஒரே மாதிரி ‘அவன்’ என்பது, இவையெல்லாம் இலக்கணம் என்ற பேரில் ஊர் நடத்துகிற வேலை. வேண்டாத சாதிப்பெயர் ஒன்றைக்கூட உச்சரிக்காமல் ஒரு நாள் முழுக்க ஒருவரைத் தாழ்த்திக்கொண்டே இருக்கத் தமிழ் வினைமுற்று போதும்.

ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. அவர்களுக்கு ‘யூ’ ஒன்றுதான். ஆகவே அவர்கள் தாழ்த்துவதற்குத் தனிச்சொற்களைத் தேடிப்போனார்கள், அதனால் சொற்கள் பெருகின என்றுகூட ஒருவர் வாதாடலாம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சட்டம் தாழ்த்துதலை ஒரு சொல்லாக, ஒரு உச்சரிப்பாக, ஒரு தனி நிகழ்வாகத் தேடுகிறது. நம்மூரில் அது வினைமுற்றில் ஒளிந்துகொண்டு நாள் முழுக்க நடக்கிறது. ‘ஏலே வா’ என்பதை ஆங்கிலத்தில் பெயர்த்தால் ‘கம்’. அதில் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்?

5

சரி, சட்டம் என்ன பண்ணுது?

1955இன் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் சொல் ‘இன்சல்ட்’. தீண்டாமையின் பேரால் அவமதிப்பது, அவமதிக்க முயல்வது குற்றம். 1989இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒரு படி மேலே போய் ‘ஹ்யுமிலியேட்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தது. ஹ்யுமிலியேட் செய்யும் நோக்கத்துடன், பொதுப்பார்வையில் படும் இடத்தில், வேண்டுமென்றே இன்சல்ட் செய்வது. 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்தப் பிரிவை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்தது. பொதுப்பார்வையில் சாதிப்பெயரால் ‘அப்யூஸ்’ செய்வது தனிக்குற்றம். மக்கள் உயர்வாக மதிக்கும் மறைந்த தலைவர்களை ‘டிஸ்ரெஸ்பெக்ட்’ செய்வது மற்றொன்று. ஆடையை உரிவது போன்றவை மனித மாண்புக்கு ‘டெரகேட்டரி’ என்பது 1989 முதலே உண்டு.

இந்த ஐந்தையும் நம் எண்ணிக்கை முறையில் வைத்துப் பார்ப்போம். அப்யூஸ் என்பது ஏச்சு, அதுவும் சாதிப்பெயர் சொன்ன ஏச்சு. இன்சல்ட் என்பது பாய்ச்சல். ஹ்யுமிலியேட் என்பதில்தான் சிக்கல். சட்டம் அதற்கு இரண்டு நிபந்தனை வைக்கிறது. பொதுப்பார்வை வேண்டும் என்கிறபோது அது கேவலம், நாலு பேர் கணக்கு. சாதி காரணமாக இருக்க வேண்டும் என்கிறபோது அது இழிவு, ஊர்க்கணக்கு. ஒருவர் புகார் நிற்க வேண்டுமானால் அவர் ஒரே நேரத்தில் நாலு பேரையும் காட்ட வேண்டும், ஊரையும் காட்ட வேண்டும்.

நாலு பேரைக் காட்ட முடியாமல் விழுந்த வழக்குகள் நிறைய. 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், நான்கு சுவருக்குள் வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தது பொதுப்பார்வையில் நடந்ததாகாது என்றது. 2025 ஜனவரியில் வந்த தீர்ப்பு நம் மாநிலத்து விஷயம். திருச்சி மாவட்டம் லால்குடிப் பகுதியில் அரசு ஊழியர் ஒருவரை அவருடைய அலுவலக அறைக்குள் சாதிப்பெயர் சொல்லித் திட்டியதாகப் புகார். சக ஊழியர்கள் பிறகுதான் அங்கே வந்தார்கள். ஆகவே பொதுப்பார்வை இல்லை என்று வழக்கு ரத்தானது. சட்டவாசகத்தின்படி இது சரியாகவே இருக்கலாம். ஆனால் அறைக்குள் உட்கார்ந்திருந்தவருக்குக் கதவு சாத்தியிருந்ததால் வலி குறைந்திருக்குமா? கேவலத்துக்குத்தான் நாலு பேர் வேண்டும். இழிவுக்கு வேண்டியது ஊர், அது அறைக்குள்ளும் இருக்கிறது. அந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டு அடைத்ததன் விளைவு இது.

2024 ஆகஸ்டில் ஷாஜன் ஸ்கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொற்களையே எடுத்து ஆராய்ந்தது. கேரளத்தில் ஒரு யூடியூப் சேனல்காரர் ஒரு சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி வெளியிட்ட காணொளி தொடர்பான முன்ஜாமீன் மனு அது. வேண்டுமென்றே செய்கிற எல்லா இன்சல்ட்டும் சாதிவழிப்பட்ட ஹ்யுமிலியேஷன் ஆகிவிடாது. தீண்டாமை வழக்கத்தால் நடந்ததா, மேல் கீழ், தூய்மை தீட்டு என்ற பழைய கருத்துகளை நிலைநிறுத்த நடந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். கோட்பாட்டளவில் நாம் இழிவு என்பதற்குக் கொடுத்த விளக்கத்துக்கு இது நெருக்கமாக இருக்கிறது. கோபால் குரு 2009இல் தொகுத்த ‘ஹ்யுமிலியேஷன்’ நூல் முதலாக அறிவுத்துறையினர் பேசிவந்ததும் இதுதான்: அவமானம் தனிமனித மனக்குறை கிடையாது, அது ஒரு சமூக உறவு. ஆனால் நடைமுறையில் என்ன ஆகும்? அந்தச் சமூக உறவை நிரூபிக்கும் பொறுப்பு இப்போது புகார்க்காரர் தலையில் வந்து விழும். ‘இழிவாகப் பேசினார்’ என்ற ஒற்றை வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் வரலாற்றை எப்படி நிரூபிப்பார்?

இதற்கும் கீழே இன்னொரு மொழிபெயர்ப்பு நடக்கிறது. சாதித் தகராறில் கொடுத்த புகார் பல நேரம் இந்தியத் தண்டனைச் சட்டம் 294(ஆ)வாகப் பதிவானது. அதாவது ஆபாசமாகத் திட்டியது. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் எண் மாறியிருக்கிறது. இழிவு இங்கே அசிங்கமாகிறது. அமைதி குலையும்படி அவமதித்தல் என்ற பழைய 504ஆம் பிரிவும் கவனிக்கத்தக்கது. அவமதிக்கப்பட்டவன் கோபத்தில் கைநீட்டிவிடுவான் என்ற நிலை இருந்தால்தான் அங்கே குற்றம். தலைமுறை தலைமுறையாகக் கைநீட்ட முடியாதபடி பழக்கப்படுத்தப்பட்டவர்கள், வாங்கிக்கொண்டு பேசாமல் போகிறவர்கள், அந்தப் பிரிவின் கற்பனையிலேயே இல்லை.

6

சொல்லே இல்லாமல் நடந்தவற்றை எந்தச் சொல்லால் பெயர்ப்பது?

2020 அக்டோபரில் கயத்தாறு அருகே ஓலைக்குளத்தில் ஆட்டு மேய்ச்சல் தகராறு ஒன்றில் தலித் முதியவர் ஒருவரைக் காலில் விழவைத்தார்கள். அதைக் கைப்பேசியில் படமும் பிடித்தார்கள். காணொளி பரவியது. ஏழு பேர் கைதானார்கள். ஹ்யுமிலியேட் என்பதன் வேரில் மண் இருக்கிறது என்றோமே, இது அந்த வேர். பொதுப்பார்வை வேண்டும் என்று சட்டம் கேட்டதைச் செய்தவர்களே தங்கள் கையால் தயாரித்துக் கொடுத்தார்கள். படம் இல்லாமல் போயிருந்தால் அந்தப் பெரியவர் எந்த நாலு பேரைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருப்பார்? சுற்றி நின்ற நாலு பேரும் விழவைத்தவர்கள் பக்கம்தானே.

1995 ஆகஸ்ட் 31 அன்று ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியங்குளத்துக்குள் சுமார் 600 போலீசார் நுழைந்தார்கள். வளைகுடா சம்பாத்தியத்தில் கொஞ்சம் தலைநிமிர்ந்த தேவேந்திரர் ஊர் அது. டிவி, மின்விசிறி, தானியம், படித்த பிள்ளைகளின் சான்றிதழ்கள் என்று தேடித் தேடி அழித்தார்கள். கையாளப்பட்ட பொருள்களின் பட்டியலைப் பார்த்தால் போதும். வறுமையை யாரும் தாக்கவில்லை. இறங்க வேண்டிய படியிலிருந்து ஏறி வந்ததற்கான அடையாளங்கள்தான் தாக்கப்பட்டன. எளக்காரமாகப் பார்க்க முடியாமல் போனவர்களை மறுபடியும் எளக்காரமாகப் பார்க்கும்படி ஆக்குகிற வேலை அது.

1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர், கட்டபொம்மனின் தளபதி. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். கலவரம் வந்தது. கடைசியில் எல்லா மாவட்டங்கள், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. இதில் ஒருவர்கூட ஓர் ஏச்சுச்சொல் பேசத் தேவைப்படவில்லை. பஸ்ஸில் ஏற மறுத்தால் போதும். சுந்தரலிங்கத்தை மட்டும் நீக்கினால் அது இழிவு என்று வெளிப்படையாகத் தெரிந்துவிடும். எல்லாரையும் நீக்கினால் அது சமத்துவம் ஆகிவிடுகிறது.

7

இனி நம் வீட்டுக்கணக்கு. தமிழ் விமர்சனத்தில் ‘எள்ளல்’ என்பது ஒரு பாராட்டுச் சொல்லாக நெடுங்காலமாகப் புழங்குகிறது. ‘நுட்பமான எள்ளல்’, ‘எள்ளல் நிறைந்த நடை’ என்று மதிப்புரைக்கு மதிப்புரை எழுதுகிறோம். யார் யாரை எள்ளுகிறார்கள் என்று கேட்பதில்லை. கரகாட்டத்து நையாண்டியில் ஊர்ப் பெரிய மனிதரைக் கிண்டலடிப்பதும், பெரிய மனிதர் வீட்டுப் பையன் பண்ணையாள் பேசுவதைப் போலப் பேசிக்காட்டுவதும் ஒரே எள்ளலா? முன்னது மேல்நோக்கிப் போவது, அதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். பின்னது கீழ்நோக்கி உருள்வது. அதற்கு எதுவும் வேண்டாம். நம் சிறுகதைகளில் வட்டார வழக்கு பேசுகிற பாத்திரங்களில் பலர் வாசகன் சிரிப்பதற்காகவே பேசவைக்கப்பட்டார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும்.

பேராசிரியர் சொன்ன இரண்டாவது சிரிப்புக்கு வருவோம். பாமாவின் ‘கருக்கு’ (1992) நூலில் வருகிற காட்சி பலருக்கும் நினைவிருக்கும். தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுக்கிறார். பார்த்த சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணன் காரணத்தைச் சொல்கிறார். சிரிப்பு நின்றுபோகிறது. இங்கே யாரும் யாரையும் ஏசவில்லை. நூல் பிடித்த பெரியவர், வாங்கிய முதலாளி, கடைத்தெரு எல்லாரும் சகஜமாக இருக்கிறார்கள். சிறுமியின் சிரிப்பு எள்ளல். நின்றுபோன சிரிப்பு இளிவரல். இரண்டுக்கும் நடுவில் அண்ணனின் ஒரு விளக்கம். ஊர் என்கிற படி கண்ணில் படுவது அந்த விளக்கத்தில்தான். உருளைகுடிக்காரரான சோ. தர்மன் தம் நாவலுக்குக் ‘கூகை’ (2005) என்று பேர் வைத்ததும் இந்த வகை விளக்கம்தான். பகலில் மற்ற பறவைகள் விரட்டிக் கொத்துகிற, பார்த்தாலே அபசகுனம் என்று ஊர் ஒதுக்குகிற பறவையை வணங்கத்தக்கதாக ஆக்குகிறபோது, அந்த ஒதுக்கல் யாருடைய கண்ணில் இருக்கிறது என்ற கேள்வி வந்துவிடுகிறது.

பெயர் விஷயத்திலும் மூன்று வழிகளைப் பார்க்கிறோம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் பத்திரிகைக்குப் ‘பறையன்’ என்றே பேர் வைத்தார். எந்தச் சொல்லால் அடித்தாயோ அதையே என் பெயர்ப்பலகையில் எழுதுகிறேன் என்பது அந்த வழி. எம்.சி. ராஜா முயற்சியில் 1922இல் சென்னை மாகாண அரசு ஆவணங்களில் ஆதி திராவிடர் என்ற பெயர் வந்தது, அது சொல்லை மாற்றுகிற வழி. 2021இல் நாடாளுமன்றம் ஏழு உட்பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒரே பெயரில் சேர்த்தது, அது சொந்தப் பெயரைச் சட்டப்படி ஒப்புக்கொள்ளச் செய்கிற வழி. இவற்றில் எது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் ஒன்றைப் பார்க்கலாம். நாம் இங்கே ஆவணத்தில் மாற்றிய அந்தப் பழைய பெயர் ஆங்கிலத்துக்குள் ‘பரையா’வாகக் குடியேறி இன்றும் ஒதுக்கப்பட்ட நாடுகளையும் தெருநாய்களையும் குறிக்கிறது. ஆங்கிலம் நம்மிடமிருந்து கடன் வாங்கிய சொற்களில் கட்டுமரம் உண்டு, மிளகுத்தண்ணி உண்டு, இதுவும் உண்டு.

8

எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். மனு எழுதித் தருகிற தோழர்கள் நம்மில் பலர் உண்டு. ‘இழிவாகப் பேசினார்’ என்று முடிவை எழுதாதீர்கள். பேசியதை எழுதுங்கள். ‘ஏலே’ என்றால் ‘ஏலே’ என்றே எழுதுங்கள். சொன்னவர் வயதென்ன, கேட்டவர் வயதென்ன என்று எழுதுங்கள். அதே ஆள் அதே இடத்தில் தன் சாதிப் பெரியவரை எப்படி விளித்தார் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். யார் உட்கார்ந்திருந்தார், யார் நின்றார், துண்டு தோளில் இருந்ததா கக்கத்தில் இருந்ததா, கதவு திறந்திருந்ததா, வெளியே யார் நின்றார்கள், அந்தத் தெருவில் இதற்கு முன் என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுங்கள். நாலு பேரையும் காட்டுங்கள், ஊரையும் காட்டுங்கள். நீதிமன்றம் வரலாற்றைக் கேட்கிறது என்றால் வரலாறு இந்தச் சில்லறைத் தகவல்களில்தான் இருக்கிறது.

மொழிபெயர்க்கிறவர்களுக்கும் ஒன்று. இன்சல்ட்டுக்கும் ஹ்யுமிலியேட்டுக்கும் இனிமேல் ஒரே சொல்லைப் போடாதீர்கள். முன்னதை அவமதித்தல் என்றும் பின்னதை இழிவுக்குள்ளாக்குதல் என்றும் பிரிக்கலாம். இதைவிட நல்ல சொல் கரிசல்காட்டில் யார் வாயிலாவது இருக்கலாம். தேடிப்போய்க் கேட்க வேண்டியது நம் பொறுப்பு. எளக்காரம் என்ற சொல்லைக் கொச்சை என்று மனுவிலிருந்து அடிக்கிறவர்கள், சட்டம் இன்னும் கண்டுபிடிக்காத ஒரு குற்றத்துக்கு மக்கள் வைத்திருக்கிற பெயரையே அடிக்கிறார்கள்.